பத்தரை மணிக் கையெழுத்து

அவர் கையில் இரண்டு தாள்கள். ஒன்று, மடித்து மடித்து மடிப்பே கிழியத் தொடங்கிய ஜாமீன் உத்தரவின் நகல். மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதில் இருந்தது. இன்னொன்று, சிகிச்சை மையத்தில் கொடுத்த அட்டை. தினமும் காலை 9.30-லிருந்து பகல் 1 மணிக்குள் நேரில் வந்து மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தார்கள். காவல் நிலையம் தாம்பரத்தைத் தாண்டி இருக்கிறது. மருந்து தருகிற மையம் வட சென்னையில். நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மின்சார ரயில், அப்புறம் பஸ்.

"காலைல இங்க மாத்திரை போட்டுட்டுப் போனா அங்க லேட். அங்க போயிட்டு வந்தா இங்க கதவு சாத்திடுறாங்க. ஸ்டேஷன்ல போன உடனே கையெழுத்து வாங்குறாங்களா, அதுவும் கெடையாது. ரைட்டர் வரணும், நோட்டு எடுக்கணும். நீங்களே சொல்லுங்க சார், நான் எதை விடுறது?"

கையெழுத்தை விட்டால் ஜாமீன் ரத்தாகும். மருந்தை விட்டால் உடம்பு பழையபடி ஊசியைத் தேடும். வழக்கு உள்ளவர்களுக்குத் தீங்கு குறைப்புச் சேவைகள் எப்படிக் கிடைக்கின்றன என்று நேரில் பார்க்கத்தான் அங்கே போயிருந்தேன். வழக்கு இருந்தால் சேவை கிடையாது என்று எந்த விதியிலும் இல்லை. விதியில் இல்லாத தடை எங்கெல்லாம் இருக்கிறது என்பதை அந்த இரண்டு தாள்களே காட்டத் தொடங்கிவிட்டன.

மையம் ஓர் அரசு மருத்துவமனையின் பின்பக்கம் இருக்கிறது. புறநோயாளிகள் கூட்டத்தைக் கடந்து, ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் அடுக்கிய சந்து வழியாகப் போக வேண்டும். பலகையில் 'ஓ.எஸ்.டி. மையம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. போதைக்கான மாற்று மருந்துச் சிகிச்சை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. வருகிறவர்களை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. உள்ளே ஒரு மேஜை, இரும்பு பீரோ, சுவரோரம் நீள பெஞ்சு. வரிசையில் இருபதுக்கு மேல் ஆண்கள். சுமை தூக்குகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மீன் ஏலக் கூடத்திலிருந்து நேராக வந்த ஒருவர். இளைஞர்கள் நாலைந்து பேர் சற்று ஒதுங்கி, கைபேசியில் கண் வைத்து நின்றார்கள்.

மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சிஸ்டர் பதிவேட்டில் எண்ணைப் பார்த்து, வெள்ளை மாத்திரைகளை எடுத்து ஒரு காகிதத் துண்டுக்குள் மடித்து, ஸ்டீல் டம்ளரின் அடியால் அழுத்தித் தூளாக்கினார். வந்தவர் தலையை நிமிர்த்தி நாக்கைத் தூக்க, தூளை நாக்கின் அடியில் கொட்டினார். பிறகு அவர் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். கரைய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. அந்தப் பெஞ்சு முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர்கள். கரைந்ததும் எழுந்து வந்து "ஆ" காட்டிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்து. மாத்திரையை முழுதாகக் கையில் கொடுத்தால் வெளியே விற்றுவிடலாம், கரைத்து ஊசியில் ஏற்றிவிடலாம். அதனால்தான் இந்தக் கெடுபிடி. நாள்தோறும் நேரில் வரச் சொல்வதற்கும் அதுவே காரணம்.

மருந்தின் பெயர் புப்ரெனார்ஃபின். ஹெராயின் போய் ஒட்டுகிற அதே இடத்தில் மூளையில் இதுவும் போய் ஒட்டும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் கிறக்கம் தராது. மெதுவாக இறங்கும், நெடுநேரம் நிற்கும். உடம்பு முறுக்கல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவு இவையெல்லாம் வராமல் தடுக்கும். ஊசி தேவைப்படாது, ஊசிக்குக் காசு தேவைப்படாது, காசுக்காகத் திருட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் இதையும் 2005-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. 'போதைக்குப் போதையா' என்று கேட்பவர்களுக்கு நான் அந்தப் பெஞ்சைத்தான் காட்டுவேன். மருந்து போட்டுவிட்டு அங்கிருந்து எழுந்தவர்கள் யாரும் தள்ளாடவில்லை, நேராக வேலைக்குப் போனார்கள்.

சென்னைக்கு இதில் நீண்ட வரலாறு இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், இங்கேதான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். எண்பதுகளில் இங்கே பிரவுன் சுகரைப் புகைத்தவர்களில் பலர் தொண்ணூறுகளில் ஊசிக்கு மாறினார்கள். அப்போது அவர்கள் ஏற்றிக்கொண்டது மருந்துக்கடையில் கிடைத்த புப்ரெனார்ஃபின் ஊசியை. ஒரே ஊசி நாலு கை மாறும். அந்தத் தலைமுறையில் மிஞ்சியவர்கள் குறைவு. இப்போது வரும் இளைஞர்கள் டபென்டடால் போன்ற வலி நிவாரண மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஏற்றுகிறார்கள். மாத்திரையில் சேர்க்கும் மாவுப் பொருள் ரத்தத்தில் கரையாது, நரம்பை அடைக்கும், சீழ் பிடிக்கும். அன்றைக்கு ஒரு பையன் முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக் காட்டினான். முழங்கை மடிப்பில் ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி, சுற்றிலும் தடித்துக் கறுத்த தோல். வயது இருபத்திரண்டு. அவன் மேல் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. பொது மருத்துவமனையில் கட்டுப் போடப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, ஒரு மாதம் வீட்டிலேயே மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறான்.

இந்தியாவில் ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்பவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர் என்று 2019-ல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. பொதுமக்களில் எச்.ஐ.வி. ஆயிரத்துக்கு இரண்டு பேர் என்ற அளவில் இருக்கும்போது, ஊசி ஏற்றுகிறவர்களில் 2021 கண்காணிப்பின்படி நூற்றுக்கு ஒன்பது பேர். தீங்கு குறைப்பு என்பது இந்த இடைவெளியைக் குறைக்கிற வேலை. மாற்று மருந்து, புது ஊசி, பழைய ஊசியைத் திரும்ப வாங்குவது, புண்ணுக்குக் கட்டு, எச்.ஐ.வி. – மஞ்சள் காமாலைப் பரிசோதனை எல்லாம் அதில் அடக்கம். 'முதலில் போதையை விடு, அப்புறம் வா' என்று சொல்லாததுதான் இதன் அடிப்படை.

களப்பணியாளர் ஒருவர் என்னை வெளியே அழைத்துப் போனார். ஐம்பதை நெருங்கும் வயது. அவரே ஒரு காலத்தில் ஊசி ஏற்றியவர், பல தடவை உள்ளே போய் வந்தவர். தோளில் பை, பைக்குள் புது ஊசிகள், ஸ்பிரிட் பஞ்சு, பழைய ஊசி போட ஒரு தடித்த பிளாஸ்டிக் டப்பா. கழுத்தில் அடையாள அட்டை. தண்டவாளத்தை ஒட்டி, பாதி இடிந்த ஒரு குடோன் வரைக்கும் நடந்தோம். முள்ளுச் செடிக்குள் குனிந்து இடுக்கியால் ஊசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

"முன்னாடியெல்லாம் பசங்களே எடுத்தாந்து குடுப்பானுங்க. இப்ப கேஸ் இருக்குறவன் எவனும் பாக்கெட்ல ஊசி வெச்சுக்க மாட்டான். செக்கிங்ல மாட்டுனா அதுவே போதும். போட்டான்னா அந்த இடத்துலயே தூக்கி எறிஞ்சிடுறான். நாளைக்கு வர்றவன் அதையே எடுத்துப் போடுறான்" என்றார்.

2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. தொற்றின் ஆபத்தைக் குறைக்க, அரசின் வழிகாட்டுதல்படி செய்கிற எந்தச் செயலும் குற்றமாகாது. அதைத் தடுக்கவும் கூடாது. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. களப்பணியாளரின் பையில் அந்தப் பிரிவின் தமிழாக்கம் பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. பீட் போலீசாரிடம் எடுத்துக் காட்டுவாராம். பாதிப் பேர் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள் என்றார். ஆனால் அந்தத் தாள் அவரைக் காப்பாற்றுகிறது; அவரிடம் ஊசி வாங்குகிற 'பழைய குற்றவாளி'க்கு அந்தத் தைரியம் வரவில்லை. அவன் பெயர் ஏற்கெனவே நிலையத்து ஏட்டில் இருக்கிறது. ஏரியாவில் எது காணாமல் போனாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்த 'ரெக்கார்டு' எப்படிச் சேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொள்வதே குற்றம். ஹெராயின், கோகெய்ன் போன்றவை என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மற்றவற்றுக்கு ஆறு மாதம், 10,000 ரூபாய். சிறு அளவு வைத்திருந்தாலும் வழக்குதான். ஹெராயினில் 5 கிராம் வரையும் கஞ்சாவில் 1 கிலோ வரையும் சிறு அளவு. இப்படிப் பிடிபடும் தினக்கூலி ஒருவர் என்ன செய்வார்? வக்கீலுக்குக் காசில்லை, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அன்றோடு முடிந்தது என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்வார். கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். அவர் கணக்கில் அது முடிந்துபோன விஷயம், சட்டத்தின் கணக்கில் ஒரு தண்டனை. அடுத்த முறை அதே அளவு தண்டனைக்குரிய குற்றத்தில் மாட்டினால், 31-வது பிரிவு உச்சத் தண்டனையை ஒன்றரை மடங்காக்குகிறது. மூன்றாவது, நான்காவது வழக்கு வந்தால் குண்டாஸ் பயம் வேறு. ஓராண்டு வரை விசாரணையின்றி உள்ளே வைக்கலாம்.

பெஞ்சில் இருந்தவர்களில் பேச ஒப்புக்கொண்டவர்களிடம் கேட்டேன். ஒருவருக்குக்கூட அதே சட்டத்தின் 64ஏ பிரிவைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு உள்ளவர், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர் மேல் வழக்கு நடத்தக் கூடாது. முன்பு தண்டனை பெற்றவருக்கு இது கிடையாது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம் என்று இருக்கிறது. மாற்று மருந்துச் சிகிச்சைக்கு 'முடிப்பது' எது? சிலருக்கு ஓராண்டு, சிலருக்குப் பல ஆண்டுகள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவரிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்பது மாதிரி அது. இருபத்தொரு நாள் படுக்கையில் வைத்து அனுப்புகிற சிகிச்சையை மனதில் வைத்து எழுதிய சட்டம், தினமும் வந்து மருந்து எடுத்து வேலைக்குப் போகிறவரை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாமல் நிற்கிறது. 39-வது பிரிவில் இன்னொரு வாசல் உண்டு. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும், சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதற்கு அவருடைய வயது, நடத்தை, முன்வரலாறு, உடல்நிலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். முன்வரலாறு என்ற அந்த ஒரு சொல்லில்தான் பழைய அபராத ரசீதுகள் எல்லாம் எழுந்து வந்து நிற்கின்றன.

ஜாமீன் தாள் வைத்திருந்தவரின் கதைக்கு வருகிறேன். வயது நாற்பதை ஒட்டி. பத்தொன்பதில் தொடங்கிய பழக்கம். ஒரு கஞ்சா வழக்கு, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய இரண்டு வழக்குகள், ஒரு செல்போன் பறிப்பு. கடைசியைப் பற்றி அவர் மழுப்பவில்லை. "அந்தப் பொண்ணு ரோட்ல விழுந்து கையில அடி. எனக்குத் தெரியும் சார்" என்றார். அந்தப் பெண்ணின் பக்கத்தையும் சேர்த்துத்தான் நான் இதை யோசிக்கிறேன். அடிபட்டவளுக்கு நியாயம் வேண்டும். இன்னொரு பெண் அப்படி விழாமல் இருக்கவும் வேண்டும். மருந்து எடுத்த எட்டு மாதத்தில் இவர் யார் பொருளையும் தொடவில்லை. லோடு இறக்கும் வேலைக்கு ஒழுங்காகப் போயிருக்கிறார்.

ஒன்பதாவது மாதம் உறவுக்காரக் கல்யாணத்துக்குத் தாம்பரம் பக்கம் போனார். இரவு பஸ் ஸ்டாண்டில் சோதனை. முகத்தைச் செல்போனில் படம் பிடித்துப் பார்த்ததும் பழைய வழக்குகள் எல்லாம் திரையில் வந்துவிட்டன. பக்கத்தில் நின்ற பழைய கூட்டாளியின் பையில் மாத்திரைகள் இருந்தன. இருவரையும் சேர்த்து ரிமாண்ட். ஒன்றரை மாதம் உள்ளே. "மருந்து இல்லாம மூணாம் நாள்லருந்து டர்க்கி. எலும்பெல்லாம் யாரோ திருகுற மாதிரி. நான் சிகிச்சைல இருக்கேன்னு சொன்னேன். சீட்டு இருக்கான்னு கேட்டாங்க. அட்டை செல்போன் கவர்ல இருந்துச்சு, செல்போன் கேஸ் ப்ராப்பர்ட்டி ஆயிடுச்சு." சிறைக்குள் இந்த மருந்தைத் தர முடியாது என்பதில்லை. டெல்லி திகார் சிறையில் தந்திருக்கிறார்கள்.

அந்தச் செல்போன் இன்னும் நீதிமன்றத்தில் இருக்கிறது. ஆதார் எண்ணோடு இணைந்த எண் அதில்தான். ஓ.டி.பி. வராது. அதனால் ஆதார் நகல் எடுக்க முடியவில்லை, வேறு இடத்துக்குச் சிகிச்சையை மாற்றவும் முடியவில்லை. தாம்பரம் பக்கம் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறார். கேஸ் நிலுவையில் இருந்தால் சேர்க்க மாட்டோம், கூட ஒரு ரத்த சொந்தம் வந்து கையெழுத்துப் போடணும் என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணன் இவர் முகத்தில் விழிப்பதில்லை.

மையத்தின் மருத்துவருக்கு வேறு கவலை. உள்ளே ஒன்றரை மாதம் போதையில்லாமல் இருந்த உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்த 30,000-க்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2007-ல் வெளியான கட்டுரையை அவர் எடுத்துச் சொன்னார். வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் போதை மிகையால் சாகும் வாய்ப்பு, மற்ற மக்களைவிட 129 மடங்கு. "ஜெயில் வாசல்லருந்து நேரா எங்ககிட்ட வந்தா காப்பாத்தலாம். ஆனா அவன் ஜாமீன் கையெழுத்துக்கு ஓடுவான், ஜாமீன்தாருக்குக் குடுக்க வேண்டிய காசுக்கு ஓடுவான். எங்ககிட்ட வர்றது கடைசியாத்தான்" என்றார். மருந்து நாலைந்து நாள் விட்டுப்போனால் பழைய அளவை உடனே தர முடியாது. குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். இவர் விஷயத்தில் வெளியே வந்த மூன்று வாரத்தில் இரண்டு முறை அப்படி ஆகிவிட்டது.

பெண்கள் யாரையும் அந்த வரிசையில் பார்க்கவில்லை. இருக்கிறார்கள், ஆனால் வருவதில்லை என்றார் ஆலோசகர். ஒருத்தி மட்டும் பதினொன்றரைக்கு மேல், கூட்டம் குறைந்த பிறகு, பக்கத்துக் கதவு வழியாக வந்து போகிறாள். கணவன் விற்ற சரக்குக்காக அவனோடு சேர்ந்து உள்ளே போனவள். பிள்ளைகள் மாமியாரிடம். போதைச் சிகிச்சைக்குப் போகிறாள் என்று தெரிந்தால் பிள்ளைகளைப் பார்க்க விடமாட்டார்கள் என்பதால், பிரஷர் மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறாளாம்.

பகலில் சட்ட உதவி வழக்கறிஞர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். வாரத்தில் ஒரு நாள் மையத்தில் உட்கார்கிறார். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம்; 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வரிசையில் நின்றவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால், ஒவ்வொரு மாற்று மருந்து மையத்திலும் இப்படி ஒரு நாற்காலி நிரந்தரமாக இருக்க வேண்டும். மருத்துவர், ஆலோசகர், செவிலியர் என்று பணியிடங்கள் இருக்கிற இடத்தில், நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வழக்கு இருப்பது தெரிந்தும் வக்கீல் மட்டும் யாரோ ஒருவரின் நல்ல மனதால் வருகிறார்.

ஜாமீன் உத்தரவை மேஜையில் விரித்து நிபந்தனைத் தளர்வு மனு எழுதினார். கையெழுத்து மாலை 5 மணிக்கு மாற வேண்டும், அல்லது மையத்துக்குப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு மாற வேண்டும். மருத்துவர் கடிதம் இணைக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல். போதைச் சிகிச்சை என்று எழுதினால் அது வழக்குக் கட்டில் ஏறும், அரசுத் தரப்பு அதையே எடுத்து 'இவர் போதைக்கு அடிமை, மறுபடி குற்றம் செய்வார்' என்று வாதாடலாம். எழுதாவிட்டால் நீதிபதிக்கு அவசரம் புரியாது. வழக்கறிஞர், மருத்துவர், அவர் மூவரும் கொஞ்ச நேரம் பேசினார்கள். 'நாள்தோறும் மருத்துவப் பணியாளர் முன்னிலையில் உட்கொள்ள வேண்டிய மருந்து. இடைவெளி விட்டால் உயிருக்கு ஆபத்து' என்று மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டார். நோயின் பெயர் இல்லை. நீதிபதி கேட்டால் தனியாகச் சொல்வதாக ஏற்பாடு.

"பழைய கேஸெல்லாம் இதுல எழுதணுமா மேடம்?" என்று கேட்டார் அவர்.

"எழுதணும்ணா. நாம விட்டாலும் அரசு வக்கீல் எழுந்து ஒண்ணொண்ணா படிப்பார். நாமளே சொல்லிடுவோம். அதோட இதையும் வைப்போம்" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் எட்டு மாதத்துக்கு நாள்தோறும் அவர் கையெழுத்துப் போட்டிருந்த பக்கங்களை, மற்ற நோயாளிகளின் வரிகளை மறைத்து ஜெராக்ஸ் எடுத்துத் தர முடியுமா என்று சிஸ்டரிடம் கேட்டார்.